ந போய் த வந்த சுவர்

அருங்காட்சியகத்தின் மூன்றாம் கூடத்துச் சுவரில் பித்தளை எழுத்துகளில் ‘எரிந்த குடியிருப்பு’ என்றிருந்தது. கீழே கண்ணாடிப் பெட்டிகளில் உருகி ஒட்டிக்கொண்ட கரண்டிகள், ஒரு தாழ்ப்பாள், பாதி கருகிய சிறு செருப்பு.

எழுத்து வெட்டும் பெண் ஏணியில் நின்றாள். மாற்ற வேண்டியது ஓர் எழுத்துதான். ந போய் த வந்தால் ‘எரித்த குடியிருப்பு’. மேலே உள்ள புள்ளி தனித் துண்டு; அது அப்படியே இருக்கலாம்.

ஏணியைப் பிடித்திருந்த பட்டறைக்காரரை எல்லோரும் பசை என்பார்கள். எத்தனை இயக்குநர்கள் மாறினாலும் ஒட்டிக்கொண்டிருப்பவர்.

“அந்த ந-வைத் தூக்கிப் போட்டுடாதேம்மா. அடுத்த ஆட்சி வந்தா திரும்பக் கேப்பாங்க.”

“கேட்டா வெட்டித் தரேன். உங்களுக்கென்ன வலிக்குது?”

“ஏணியைப் பிடிக்கிறவன் நானாச்சே!”

அவள் சிரித்தாள். ஆனால் திருப்புளி திருகில் நிற்காமல் வழுக்கியது.

விளக்கு சாய்ந்து தீப்பிடித்தது என்றுதான் பழைய பலகை சொன்னது. ஆட்சி மாறியதும் அந்த மண்ணைத் தோண்ட அனுமதி கிடைத்தது. கண்காட்சிப் பொறுப்பாளரான மேடமும் ஆய்வாளர்களும் போய்ப் பார்த்தார்கள். தீ நான்கு மூலைகளிலும் தனித்தனியே தொடங்கியிருந்தது. தீயணைப்பு வண்டி ஏன் வரவில்லை என்பதற்கு மட்டும் மண்ணில் பதில் இல்லை. அன்று அதை ஓட்ட வேண்டியிருந்தவர் இவளுடைய அப்பா.

“அவரைக் கூட்டிட்டு வர முடியுமா? கட்டாயம் இல்ல,” என்று மேடம் கேட்டிருந்தார். “ஆனா அவர் சொல்லலைன்னா, நாளைக்கு வர்றவங்க எல்லாத்தையும் ஊகம்னு தள்ளிடுவாங்க.”

முந்தின நாள் மாலை அப்பா சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தபோது அவள் விஷயத்தைச் சொன்னாள்.

“எரிஞ்சுதும்மா,” என்றார் அப்பா. “நாங்க போறதுக்குள்ள எல்லாம் எரிஞ்சு முடிஞ்சுடுச்சு.”

விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் கேட்ட அதே வாக்கியம்.

“நீங்க போனீங்களாப்பா?”

அவர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் மேலே கேட்கவில்லை. பதில் வந்துவிட்டால், காய்ச்சலில் தன்னைத் தோளில் போட்டுக்கொண்டு விடியும்வரை நடந்த அப்பா இனி யாராக இருப்பார் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

ந கழன்று கையோடு வந்தது. அது இருந்த இடத்தில் மட்டும் சுவரின் வண்ணம் மங்காமல் இருந்தது.

“வாங்க பெரியவரே,” என்று பசை சொல்வது கேட்டுத் திரும்பினாள். தேய்த்த சட்டையோடு அப்பா வாசலில் நின்றார். அவள் கூப்பிட்டிருக்கவில்லை.

அவர் பெட்டிகளைப் பார்க்கவில்லை. அண்ணாந்து சுவரைப் பார்த்தார். ந இல்லாத சுவரில் ‘எரி’ தனியாக நின்றது. பக்கத்தில் ஒரு புள்ளி.

“எரியட்டும்னாங்க,” என்றார்.

பசை ஏணியை இறுகப் பிடித்தார்.

“யாருப்பா?”

“மேலேர்ந்து போன். ‘எரியட்டும், வண்டியை எடுக்காதே.’ அவ்வளவுதான். அப்புறம் வெச்சுட்டாங்க.” சட்டைப் பையைத் தொட்டார். “சாவி இங்கதான் இருந்துது. வெளியில மணி அடிக்கிறாங்க, கதவைத் தட்டுறாங்க. நான் பையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

அவள் இறங்கி வந்தாள். அப்பா கையை நீட்டினார். அவளைத் தொட அல்ல.

“அதைக் கொடு. இத்தனை வருஷமா நான் சொல்லிக்கிட்டிருந்தது.”

“அது பட்டறைக் கணக்குல...” என்று தொடங்கிய பசை பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவள் ந-வைக் கொடுத்தாள். அப்பா அதைச் சட்டைப் பையில் போட்டார். பித்தளையின் கனத்தில் சட்டை ஒரு பக்கமாக இழுத்தது.

“உங்க மேடம் ரூம் எங்கே?”

கூடத்தின் கோடியிலிருந்த அறையைப் பசை காட்டினார். அப்பா சுவரைப் பிடிக்காமல் நடந்து போனார். உள்ளே நாற்காலி இழுபடும் ஓசை வரும்வரை அவள் நின்றாள். பிறகு த-வை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள்.