ஒரேயொரு அண்ணே

கச்சிராயபாளையம் பஸ் நிலையத்திலிருந்து வெள்ளிமலை வண்டி கிளம்ப இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. ஜெயசுதா இருவர் இருக்கையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் தம்பி இளவரசன் உள்ளேயே ஏறி வந்து பக்கத்தில் நின்றான்.

"யக்கா, அந்த மலைக்காரன் இப்ப ஏறுவான். எல்லாரும் கேக்கறாப்புல ஒரு தபா அவன 'அண்ணே'ன்னு கூப்புடு. ஊரு வாய மூடிடலாம். இல்லன்னா சாயங்காலம் வூட்டுக்கு வராத."

ஒரேயொரு அண்ணே. கேட்டால் சின்ன விஷயந்தான். கண்டக்டர் அண்ணே, டீக்கடை அண்ணே, சிலிண்டர் போடுகிற அண்ணே என்று ஊரில் பாதி ஆம்பளைகளுக்கு அவள் தங்கச்சிதான். புருஷன் போய் ஒன்பது வருடம், அந்தச் சொல்லை முன்னால் விட்டுத்தான் அவள் பின்னால் நடந்தாள். மலையில் அங்கன்வாடி டீச்சர் வேலைக்குப் போய்வந்ததும் அப்படித்தான். தம்பி சொன்ன அந்தக் கரியனிடம் மட்டும் அது வாயில் வரவில்லை. மர அறுவை மில்லில் இரவுக் காவல் முடித்து இதே வண்டியில் மலைக்குத் திரும்புகிறவன். பெண்டாட்டி இல்லை. ஏழு மாதமாக எதிர் வரிசையில் உட்கார்ந்து வருகிறான். விரல்கூடப் பட்டதில்லை. இவள் இரண்டு இட்லி கொடுத்தால் அவன் மறுநாள் கொய்யா கொண்டுவருவான். பேச்சில் பாதி மழையைப் பற்றி. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை என்றாலே அவளுக்கு எரிச்சலாக வந்தது. அது என்னவென்று நாற்பத்திரண்டு வயதுக்காரிக்குத் தெரியாதா?

"அவன் இன்னா ஆளு, நாம இன்னா ஆளு?" என்றான் தம்பி.

அவளுக்குச் சுள்ளென்று வந்தது. புருஷன் செத்த அன்று "நான் இருக்கறேன்" என்று அழுதவன், அடுத்த மாதமே அவள் பாயைச் சமையலறையில் போடச் சொன்னான். இவன் வீட்டுக்குப் போகாவிட்டால் குடியா முழுகிவிடும்?

கரியன் ஏறினான். இளவரசனைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"நான் பின்னால போறங்க, டீச்சர்."

முன் இருக்கையில் பூக்கட்டிக்கொண்டிருந்த ராணியம்மாள் கையை நிறுத்தினாள். வண்டியே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. ஜெயசுதா ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் விட்டாள்.

"இன்னாங்க," என்றாள் சத்தமாக. பெண்டாட்டி புருஷனைக் கூப்பிடுகிற அதே 'இன்னாங்க'. "எங்க போறீங்க? இங்க எடம் இருக்குதில்ல, ஒக்காருங்க."

இளவரசன் கம்பியைப் பிடித்தபடி ஒரு அடி பின்னால் நகர்ந்தான். டிரைவர் சாவியைத் திருகாமல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். கரியன் தோளில் கிடந்த துண்டை உருவி, அவள் பக்கத்து இருக்கையின் தூசியை மெதுவாகத் தட்ட ஆரம்பித்தான்.