தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

"குழந்தை பேர் என்னம்மா?" என்று கலையரசி சிஸ்டர் அன்றைக்கும் கேட்டார்.

மலர்விழி அன்றைக்கும் தலையை ஆட்டினாள். "இன்னும் வைக்கல சிஸ்டர்."

"பெரிசா விழா எடுத்து வைக்கணும்னு இல்லம்மா. சும்மா ஏதாவது ஒண்ணு சொல்லிக் கூப்பிட்டுப் பேசு. எட்டு மாசத்துல பொறந்ததுங்க சில சமயம் மூச்சு விடவே மறந்துடும். அம்மா குரல் கேட்டுக்கிட்டே இருந்தா நல்லது."

கண்ணாடிப் பெட்டிக்குள் அவன் கிடந்தான். உள்ளங்கை அகல முகம். நெற்றியில் சுருக்கம், ஏதோ கடன்காரனைப் பார்த்த மாதிரி. காலில் கட்டியிருந்த சீட்டில் 'மலர்விழி குழந்தை' என்று மட்டும் எழுதியிருந்தது. அப்படியே இருக்கட்டும் என்றுதான் அவள் நினைத்தாள். பேர் வைத்தால் போய்விடுவான்.

முன்னே இரண்டு பேருக்கு வைத்துப் பார்த்தாயிற்று. வயிறு தெரிய ஆரம்பித்ததுமே போனில் பேர் தேடும் ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டு, ராத்திரி சாப்பாடு ஆனதும் அவளும் தென்னரசும் தலையோடு தலை முட்டிக்கொண்டு தேடினார்கள். ஒவ்வொரு பேருக்கும் கீழே பொருள், தோற்றம், எத்தனை பேர் விரும்பினார்கள் என்று வரும். மூத்தவனுக்கு இனியன். இனிமையானவன், தமிழ், மிக அதிகமாக விரும்பப்படுவது. அவன் கண்ணே திறக்கவில்லை. அடுத்தவன் ஆதிரன், ஒரு வாரம் இருந்தான். அதுவும் மிக அதிகமாக விரும்பப்பட்ட பேர்தான். அத்தனை பேர் விரும்பியது யமனுக்கு மட்டும் பிடிக்காமலா போகும்?

அந்த ஆப்பை அவள் இன்னும் போனிலிருந்து எடுக்கவில்லை. தினமும் காலையில் 'இன்றைய ஆண் குழந்தைப் பெயர்' என்று டிங்கென்று ஒன்று வந்து விழும். அவள் பார்க்காமல் தள்ளிவிடுவாள்.

வார்டுக்கு வெளியே வந்தபோது, மாடிப்படி வாசலில் ஒரே சத்தம். தென்னரசுவின் அக்கா அம்சவள்ளி திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கியிருந்தாள். கையில் ஒரு கட்டைப்பை. அதைப் பிரித்துப் பார்த்த செக்யூரிட்டிக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"இன்னாம்மா இது, தவிடா? இங்க மனுசங்களுக்குத்தான் வைத்தியம். மாட்டாஸ்பத்திரி அந்தாண்ட இருக்குது."

"மாட்டுக்குன்னா உங்கிட்ட எதுக்குய்யா வர்றேன்? பேஜாரு பண்ணாம வழிய விடு."

தென்னரசு ஓடிப் போய் அவரைச் சமாதானம் செய்து அக்காவை அழைத்து வந்தான். வளவனூர் ரோட்டில் பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கிறவன். குழந்தை பிறந்ததிலிருந்து கடையைத் திறக்கவில்லை. ஆனாலும் நகக்கண்ணில் கிரீஸ் அப்படியே இருந்தது. ஆண்களை வார்டுக்குள் விடுவதில்லை என்பதால் அந்த மாடிப்படியே அவனுக்கு வீடாகிவிட்டது.

அம்சவள்ளி மலர்விழியின் முகத்தை ஒரு தரம் தடவிப் பார்த்தாள். பிறகு சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தாள்.

"மலரு, நான் சொல்றத கேளு. பொறந்து பொறந்து போற ஊட்டுல, புள்ளைய குப்பையில கிடத்திட்டு, எனக்கு வேணாம்னு பெத்தவ வாயால சொல்லணும். வேற ஒருத்தி தவிடு குடுத்து வாங்கிக்குவா. அப்புறம் வாங்கினவ புள்ளைன்னு சொல்லி பெத்தவளே வளர்ப்பா. குப்பன்னு கூப்புடுவாங்க. வேண்டாத புள்ளைன்னு எமன் கண்ணு படாம போயிடும். நான் வாங்கிக்கிறேன். தவிடு கொணாந்துருக்கேன்."

மலர்விழி ஒரு அடி பின்வாங்கினாள். பி.காம் படித்தவள் அவள். உள்ளே மருந்தும் மெஷினுமாகக் கிடக்கிற குழந்தைக்கு வெளியே மாட்டுத் தவிடா?

"என்ன அண்ணி பேசறீங்க? எம்புள்ளை குப்பையா? இந்தக் காலத்துல யாரு அண்ணி அந்தப் பேர வைக்கிறா? நாளைக்கு ஸ்கூல்ல நாலு பசங்க சிரிக்க மாட்டாங்க?"

"ஸ்கூலுக்குப் போகட்டும்டி." அம்சவள்ளியின் குரல் சட்டென்று இறங்கியது. "மொதல்ல போகட்டும். அப்புறம் சிரிச்சா சிரிச்சிட்டுப் போறானுங்க."

தென்னரசு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "விடுக்கா. அவளே நொந்து போய்க் கிடக்கிறா," என்றான்.

அப்போதுதான் வார்டுக் கதவு படீரென்று திறந்தது. ஒரு நர்ஸ் சீட்டை நீட்டிக்கொண்டு கத்தினார்.

"மலர்விழி குழந்தையோட ஆள் யாரு? இந்த ஊசி ஸ்டோர்ல வாங்கிட்டு வாங்க, சீக்கிரம்! குழந்தை மூச்சு நிறுத்திடுச்சு, டாக்டர் பார்த்துக்கிட்டிருக்காரு."

சீட்டு தென்னரசுவின் கைக்கு வந்தது. அவன் அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். கால் நகரவில்லை. மூன்றாவது முறையாக இதே மாதிரி ஒரு கதவு, இதே மாதிரி ஒரு சீட்டு. "என்னங்க, போங்க!" என்று மலர்விழி அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "தென்னரசு!" என்று பேர் சொல்லியே கத்தினாள். அது அவன் காதில் ஏறவில்லை.

"டேய் குப்பா!" என்றாள் அம்சவள்ளி. "ஓடுடா! ஜல்தி ஓடு!"

அவன் உடம்பு தூக்கிப் போட்டது. அக்காவை ஒரு தரம் பார்த்தான். படிகளில் தாவி இறங்கிப் போனான்.

மலர்விழி வார்டுக் கதவின் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தாள். பச்சை உடுப்பு முதுகுகள்தான் தெரிந்தன. யார் முதுகுக்குப் பின்னால் அவன் இருக்கிறான் என்று தெரியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அம்சவள்ளியும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"யாரு அண்ணி குப்பன்?" என்றாள் மலர்விழி.

"உம் புருசன்தான்." அம்சவள்ளி மூக்கை உறிஞ்சினாள். "எனக்கும் அவனுக்கும் நடுவுல மூணு, ஒண்ணும் தங்கல. இவன் பொறந்ததும் எங்கம்மா கோலியனூர்ல குப்பமேட்டாண்ட கொண்டு போயி கிடத்திட்டு, வேணாம்னுட்டு திரும்பிப் பாக்காம வந்துச்சு. நான் பாத்துக்கினுதான் இருந்தேன். எதிர் ஊட்டு சின்னக்கண்ணு சித்தி தவிட்டப் போட்டுத் தூக்கிக்கினு வந்தாங்க. ஸ்கூல்ல சேக்கும்போதுதான் தென்னரசுன்னு நல்ல பேரு வெச்சது. அது வரைக்கும் குப்பன். பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு, அக்கா, அவ எதிர்ல அந்தப் பேர சொல்லிடாதக்கான்னு எங்கையப் புடிச்சி கெஞ்சினான். படிச்ச பொண்ணு, சிரிச்சிடுவான்னு பயம்."

கல்யாணமாகி ஆறு வருஷம். ராத்திரியெல்லாம் பேர்களும் பொருள்களும் தேடின ஆறு வருஷம். பக்கத்திலேயே படுத்துக்கொண்டு ஒருத்தன் இப்படி ஒரு பேரை நெஞ்சுக்குள் ஒளித்து வைத்திருந்திருக்கிறான்.

"அப்பல்லாம் எங்க தெருவுல அஞ்சாறு குப்பன் இருந்தானுங்க," என்றாள் அம்சவள்ளி. "பேரு புடிச்சிப் போயி வெச்சதுன்னு நெனச்சியா? அத்தினி ஊட்டுல புள்ளைய பொதைச்சிருக்காங்கடி."

தென்னரசு ஊசியோடு மூச்சிரைக்க ஓடி வந்து கதவுக்குள் நீட்டினான். கதவு மறுபடி மூடிக்கொண்டது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மலர்விழி அவனை நிமிர்ந்து பார்த்தாள். பச்சைக் குழந்தையாக, குப்பைமேட்டில் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிடந்தவனாக, அவன் அப்போது அவளுக்குத் தெரிந்தான். பெற்றவள் ஒருத்தி, வயிறு எரிய எரிய, 'வேண்டாம்' என்று சொன்னதால் இன்றைக்கு அவள் எதிரில் நிற்கிறான்.

இதனால் குழந்தை பிழைக்கும் என்று அவள் நம்பினாளா? இல்லை. ஆனால் செய்யாமல் விட்டு, அவன் போய்விட்டால்?

"அண்ணி," என்றாள். "எப்படிச் சொல்லணும்?"

அம்சவள்ளி கட்டைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். "எம்மூஞ்சியப் பாத்து சொல்லு. அந்தக் கதவு பக்கம் பாக்காத."

"எனக்கு..." என்று மலர்விழி ஆரம்பித்தாள். தென்னரசு அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டான். கிரீஸ் கை. "எனக்கு இந்தப் புள்ளை வேண்டாம். நீங்க எடுத்துக்குங்க."

சொல்லி முடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். வயிற்றிலிருந்து எதையோ பிடுங்கி எறிந்த மாதிரி இருந்தது. அம்சவள்ளி இரண்டு கையாலும் தவிட்டை அள்ளி அவள் துப்பட்டாவில் போட்டாள். "எம்புள்ளைடி," என்றாள் அழுதுகொண்டே. "நான் வாங்கிட்டேன். எம்புள்ளை."

வெகுநேரம் கழித்து கலையரசி சிஸ்டர் எட்டிப் பார்த்தார். "இப்ப மூச்சு வந்திருக்கு. மெஷின் வெச்சிருக்கு. எதுவும் இப்ப சொல்ல முடியாது. அம்மா மட்டும் உள்ள வாங்க."

மலர்விழி எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கத் துடித்த காலை இழுத்து மடக்கிக்கொண்டாள். அம்சவள்ளியைக் கைகாட்டி, "இவங்கதான் அம்மா," என்றாள்.

சிஸ்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "விளையாடற நேரமாம்மா இது?"

அம்சவள்ளி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மலர்விழியின் முழங்கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். "ஆமா, நான்தான் அம்மா. எனக்கு முட்டிவலி, நிக்க முடியாது. எம்புள்ளைய பாத்துக்க இவள வேலைக்கு வெச்சிருக்கேன். போடி, போயி ஒழுங்கா வேலையப் பாரு. புள்ளை அழுதா கூலி தர மாட்டேன்."

தென்னரசு துப்பட்டாவைத் தவிட்டோடு மூட்டையாகக் கட்டி வாங்கிக்கொண்டான். மலர்விழி பச்சை உடுப்பை மாட்டி முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். தவிடு போகப் போக இன்னும் இருக்கிற மாதிரியே இருந்தது, மறுபடி கழுவினாள்.

"இப்பவாவது பேர் சொல்லும்மா," என்றார் சிஸ்டர்.

"குப்பன்."

சிஸ்டர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கால் சீட்டில் எழுதினார்.

பெட்டியின் ஓட்டை வழியாக மலர்விழி கையை விட்டாள். அவன் விரல்கள் அவள் சுண்டுவிரலைத் தொட்டுக்கொண்டு கிடந்தன. பிடிக்கத் தெம்பில்லை. நெஞ்சு ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறுமா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய் குப்பா," என்றாள். "உங்கம்மா வெளிய இருக்காங்க. தவிடு குடுத்து வாங்கியிருக்காங்க உன்னை. நான் சும்மா, கூலிக்கு வந்தவ." தலைமாட்டில் யாராவது நிற்கிறார்களா என்பது போல ஒரு தரம் பார்த்துவிட்டு, அவர்கள் காதிலும் விழட்டும் என்று சத்தமாகச் சொன்னாள்: "யாரு பெத்த புள்ளையோ இது."

அவள் குரலுக்கு அவன் உதடு லேசாகக் குவிந்தது. அதைப் பார்த்த மாத்திரத்தில் அவள் மார்பு கனத்து, பால் சுரந்து பச்சை உடுப்பில் ஈரம் படர்ந்தது. யாரும் பார்த்துவிடக் கூடாதென்று மலர்விழி மற்ற கையால் அதை அவசர அவசரமாக மறைத்துக்கொண்டாள்.