ஃபுகுவோகா ரொம்ப தூரம்

தைபே விமானத்தில் வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். அப்பாவை மட்டும் காணவில்லை. ஜப்பானில், ஃபுகுவோகா விமான நிலையத்தில் காத்திருந்த பெய்-யூ வாசலையே எட்டி எட்டிப் பார்த்தாள். தைவானில், யீலானில் வெங்காயத்தாள் பயிரிடுகிற மனிதர். எழுபத்தொரு வயதில் இப்போதுதான் முதன்முதலாக விமானம் ஏறியிருக்கிறார்.

அரை மணி கழித்து, பணிப்பெண் ஒருத்தி அவரைக் கையோடு கூட்டிவந்தாள். அவளும் தைவான்காரி, சிரிப்பை அடக்கப் பாடுபட்டாள்.

"உங்கப்பாவா? சீட்டை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன்னுட்டார். இது வழியில நிக்கிற ஊரு, ஃபுகுவோகாவுக்கு இன்னும் சாயங்காலம் வரைக்கும் பறக்கணும்னு ஒரே அடம்!"

"என் மகதாம்மா சொன்னா, ஒரு நாள் ஆகும்னு" என்றார் அப்பா, வெட்கச் சிரிப்போடு. "பைலட் விரட்டிட்டார் போல. கொண்டுவந்த பிஸ்கட்டைக்கூட இன்னும் பிரிக்கல."

பெய்-யூவுக்குக் காது மடல் சுட்டது.

ஆறு வருடத்துப் பொய் அது. வேலைக்கு வந்த புதிதில், புத்தாண்டுக்கு ஊருக்குப் போனால் கல்யாணப் பேச்சு எடுப்பார்களே என்று பயந்து, "மாறி மாறி ஏறணும்ப்பா, ஒரு நாள் முழுசா போயிடும்" என்று அளந்துவிட்டாள். பிறகு எதற்கெடுத்தாலும் அதுவே கைகொடுத்தது. போன இரண்டு தடவையும், தைபேயில் தோழி வீட்டில் ஓர் இரவு தங்கிவிட்டு, மறுநாள் களைத்த முகத்தோடு வாசலில் போய் நின்றாள்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டாள்.

"பைலட் விரட்டலப்பா. எப்பவுமே ரெண்டு மணி நேரந்தான். கொஞ்சம் கூடக் குறைய."

அப்பா விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். "அப்ப, காலையில ஏறினா மத்தியானம் வீட்டுக்கு வந்துடலாமா?"

"வந்துடலாம்."

"போன வருஷம் ஆஸ்பத்திரியில கடைசி மூணு நாளும் உங்கம்மா உன்னையே கேட்டா. 'ரொம்ப தூரம்டி, புள்ள வந்துக்கிட்டே இருக்கா'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்." பிஸ்கட் பொட்டலத்தைப் பைக்குள் தள்ளினார். "தெரியாம அவகிட்ட பொய் சொல்லிட்டேன்."

அந்த மூன்று நாளும் அவள் வேலை பார்க்கும் கடையில் தள்ளுபடி விற்பனை. மேலாளரிடம் விடுப்புக் கேட்கவே இல்லை அவள். அப்பா நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் திட்டவில்லை. ஒரு வாரம் இருக்க வந்தவர், பாத்திக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று மூன்றாம் நாளே கிளம்பிவிட்டார்.

ஏப்ரலில், குடும்பமே கூடி முன்னோர் கல்லறையைத் துப்புரவு செய்யும் நாள் வந்தது. பெய்-யூ காலை விமானத்தைப் பிடித்து, மத்தியானமே அம்மாவின் கல்லறை மேட்டில் போய் நின்றாள். உறவுக்காரர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள்.

"பாவம், ராப்பகலா பயணம் பண்ணி வந்திருக்கு புள்ள. உக்காரும்மா" என்றாள் அத்தை.

அப்பா தலை நிமிராமல் புல்லைச் செதுக்கிக்கொண்டே, "ஆமா, ரொம்ப தூரமாச்சே" என்றார்.

இத்தனை மாதமும் அவர் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. 

"இல்ல அத்தை, இன்னிக்கு காலையிலதான் கிளம்பினேன். ரெண்டு மணி நேரந்தான் விமானம். அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்பவும் ரெண்டு மணி நேரந்தான்."

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊதுபத்தியைப் பற்றவைத்தாள்.

அப்பா மட்டும் எழுந்து வந்து இன்னொரு அரிவாளை நீட்டினார். "அந்தப் பக்கம் புல்லு மண்டிக் கிடக்கு. பாத்து அறு, கையை வெட்டிக்காதே."