காலிக் கட்டிலின் வரைபடம்

அச்சகத்தில் அவளுக்கு நூலக்கா என்று பேர். அச்சாகும் பக்கத்தில் எதுவும் நூல் பிடித்தாற்போல் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்டவளே இப்படி ஒரு தப்பைச் செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது!

தூக்கத்தில் மூச்சடைப்பவர்களைப் பார்க்கும் டாக்டர் ஒருவர் தம் அறிக்கையை அச்சுக்குக் கொடுத்திருந்தார். அவர் ஆஸ்பத்திரியில் ஒரே கட்டிலில், வெவ்வேறு இரவுகளில் படுத்த மூன்று பேரின் மூச்சு, மூன்று வரைபடங்களாக வந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நான்காவதாக ஒன்று, நெஞ்சில் கட்டும் பட்டை மட்டும் கிடக்க, கட்டில் காலியாக இருந்த ஓர் இரவு. மூச்சை இழுத்தால் கோடு ஏறும், விட்டால் இறங்கும். மூன்று பேருக்கும் இரவின் நடுவில் கொஞ்ச நேரம் கோடு அப்படியே படுத்துவிட்டது. நான்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து ஒரே படமாக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

அவசரத்தில் அவள் படங்களின் இடது ஓரங்களைச் சேர்த்து அடுக்கிவிட்டாள். ஒரு படத்தின் ஓரத்தில் ஒற்றை இலக்க எண்கள், இன்னொன்றில் ஆயிரக்கணக்கில் நீண்ட எண்கள். நீண்ட எண்கள் எல்லாம் கோடு ஓடும் தத்தம் கட்டத்தை வலப்பக்கம் தள்ளிவிட்டன. வெளியே பார்த்தால் ஓரம் அழகு. உள்ளே மேல் படத்தின் பன்னிரண்டு மணிக்குக் கீழே வேறு ஏதோ மணி நின்றது.

டாக்டர் அந்தப் பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டினார். "மூணு பேருக்கும் வேற வேற நேரத்துலதான் நின்னிருக்கு. அப்போ கட்டில்லயும் கோளாறு இல்ல, மெஷின்லயும் இல்ல. உங்க தம்பியைத் தாராளமா அனுப்புங்கம்மா."

தம்பியின் குறட்டை சுவரைப் பிளக்கும். மூன்று சின்ன இழுப்பு, ஒரு பெரிய இழுப்பு, கடைசியில் ஒரு விசில். பக்கத்து அறையில் படுத்துப் படுத்து அவளுக்கு அது மனப்பாடம். நடுவில் அது நிற்கும்போதெல்லாம் இவள் நெஞ்சும் நிற்கும். பெற்றவர்கள் போன பிறகு அவளுக்கு இருப்பது அவன் ஒருத்தன். நச்சரித்து, கெஞ்சி, அன்று சாயங்காலம் அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தாள்.

அவன் போன பிறகு அந்தப் பக்கத்தைக் கடைசியாக ஒருமுறை திறந்தாள். கண்ணில் உறுத்தியது. "ச்சீ, இதையா கொடுத்தேன்!" என்று தன்னையே திட்டிக்கொண்டு, ஓரத்தை விட்டுவிட்டு மணிக்கு நேராக மணியை வைத்து அடுக்கும்படி கணினிக்குக் கொடுத்த கட்டளையை மாற்றி எழுதினாள். திரையில் படம் மறுபடி வந்தது.

மூன்று பேரின் மூச்சும் ஒரே மணிக்கு நின்றிருந்தது. முதல் ஆளுக்குக் கொஞ்ச நேரம், அடுத்தவருக்கு இன்னும் அதிகம், மூன்றாமவருக்கு அதற்கும் மேல். கீழே, காலிக் கட்டிலின் கோடு சரியாக அந்த மணிக்கு எழுந்து, ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மறுபடி படுத்தது.

டாக்டருக்குப் போன் போட்டாள். "படத்தை நகத்தி வச்சுட்டு பேயைப் பாத்தேன்றீங்களேம்மா! பட்டை மேல காத்து பட்டிருக்கும்" என்று சிரித்தார் அவர். தம்பி போனை எடுக்கவே இல்லை. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிடைத்த வண்டியில் ஓடினாள்.

கட்டிலில் நெஞ்சில் பட்டையோடு அவன் கண்மூடிக் கிடந்தான். பட்டையைப் பிய்த்து எறிந்தாள்.

"எந்திரிடா!"

"என்னக்கா... இப்பத்தான் கண்ணு சொக்குச்சு. போ போன்னு நீதானே உயிரை வாங்கின?"

"வாயை மூடிட்டு வாடா."

அன்று இரவு பக்கத்து அறையில் சத்தமே இல்லை. இரண்டு தரம் எட்டிப் பார்த்தாள். ஒருக்களித்துப் படுத்து, சாந்தமாகத் தூங்கிக்கொண்டிருந்தான். அப்பாடா என்று இவளும் நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் டாக்டரிடமிருந்து ஒரு கோப்பு வந்திருந்தது. நேற்று உங்கள் தயவில் கட்டில் காலி, மெஷினை மட்டும் ஓடவிட்டேன், ஐந்தாவதாகச் சேர்த்துப் பாருங்கள், சந்தேகம் தீரட்டும் என்று எழுதியிருந்தார். மணிக்கு நேர் மணியாக வைத்து அடுக்கினாள்.

கோடு படுக்கவே இல்லை. இரவு முழுக்க, மூன்று சின்ன ஏற்றம், ஒரு பெரிய ஏற்றம், கடைசியில் மெல்லிய ஒரு நடுக்கம். மறுபடி மூன்று, மறுபடி ஒன்று.

தம்பி பால் டம்ளரோடு வந்து எதிரில் உட்கார்ந்தான். பாலாடை ஓரத்துக்கு ஒதுங்கும்வரை ஊதி ஊதித்தான் குடிப்பான், சின்ன வயதிலிருந்தே அந்தப் பழக்கம்.

"பாத்தியாக்கா, நேத்து குறட்டையே இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போன ராசி!"

அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் உதட்டைக் குவித்து ஊதினான். கன்னம் உப்ப இன்னொரு தரம் ஊதினான்.

ஆடை அசையவில்லை.