கட்டில் இருந்த இடம்

அண்ணன் கம்பெனி ஆரம்பித்த கதையைப் பத்திரிகைகளில் என்னென்னவோ எழுதினார்கள். தொலைநோக்காம், துணிச்சலாம். மண்ணாங்கட்டி. அண்ணிக்கு மூச்சுத்திணறல், தூசி ஆகாது. துடைப்பம் பிடிக்க அண்ணனுக்குச் சோம்பல். அதனால் தானாக ஓடிப் பெருக்கும் மெஷின் ஒன்றைச் செய்தான். அவ்வளவுதான்.

பிறகு தொழிற்சாலை வந்தது. நான் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து ஊரார் திட்டையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அண்ணன் ஒரு வழக்கம் வைத்திருந்தான். புது சாஃப்ட்வேர் எதுவானாலும் முதலில் அவன் வீட்டு மெஷினில்தான் ஏற வேண்டும். "கெட்டா முதல்ல என் வீடு கெடட்டும்" என்பான்.

கடைசிக் காலத்தில் அண்ணி கூடத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். மெஷின் கட்டிலுக்கடியில் புகுந்து அவளை எழுப்பிவிடக் கூடாதென்று, அது வீட்டை வரைந்து வைத்திருந்த மேப்பில் கட்டில் இருக்குமிடத்துக்குத் தடை போட்டான். அண்ணி போய்விட்டாள். கட்டிலையும் எடுத்தாயிற்று. தடையை மட்டும் அவன் எடுக்கவில்லை. காலையில் மெஷின் அந்த வெறும் தரையைச் சுற்றி வளைத்துப் போகும். காபி ஆறுவது தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பான். அங்கே தூசி படிந்து கிடக்கும். நான் துடைப்பத்தை எடுத்தால் வள்ளென்று விழுவான்.

மலிவு மெஷின்கள் வந்து சந்தையை வாரிக்கொண்டு போனதும் கம்பெனியை விற்றான். அதற்கு அவன் அழவில்லை.

ஒருநாள் பழைய இன்ஜினியர் எனக்கு போன் செய்தார். குரலில் அத்தனை பெருமை.

"புது முதலாளிங்க வந்தாலும் சாரோட வழக்கத்தை நாங்க விடலக்கா. புது சாஃப்ட்வேரை இன்னிக்குக் காலைல இங்கிருந்தே முதல்ல சார் வீட்டு மெஷின்லதான் ஏத்தினோம். பழைய மேப்பெல்லாம் அழிஞ்சு, அதுவே புதுசா வரைஞ்சுக்கும்."

போனை வைத்ததும் அண்ணன் வீட்டுக்கு அடித்துப் பிடித்து ஓடினேன்.

அண்ணன் மெஷினின் தூசிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். கட்டில் இருந்த இடம் பளிச்சென்றிருந்தது.

"நேரா உள்ள போயிடுச்சு" என்றான்.

"நிறுத்தியிருக்கலாமேண்ணா."

"சுத்திப் போகும்னுதான் பாத்துக்கிட்டே இருந்தேன். அங்க யாரும் இல்லேன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு."

யாரைத் திட்டுவதென்று எனக்குத் தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

அவன் பெட்டியைக் காலி செய்யாமலே திருப்பி மாட்டி, மெஷினை ஓடவிட்டான். பிறகு கட்டில் இருந்த இடத்தில், அண்ணி தலைவைத்த பக்கமே தலைவைத்துப் படுத்தான். மெஷின் வந்தது. அவன் தோளில் முட்டியது. பின்வாங்கி, சுற்றிக்கொண்டு போனது.

"பாத்தியா, போகுது" என்றான். "தினம் இப்படிப் படுத்துக்கிட்டா போதும்."