சார்ந்திருப்பவர்

மார்ச் 11, செவ்வாய். பிரமாணப் பத்திரத்தில் இரண்டு கட்டங்களை மாற்றி நிரப்பிவிட்டேன். சின்னப் பிழைதான். சின்னதுதானா என்று உறுதியாகத் தெரியவில்லை.

மாலை வகுப்பில் படிக்கும் தங்கை நாட்குறிப்பில் இவ்வளவு எழுதுவதற்குள் அண்ணன் தாளோடு வந்து நின்றான்.

"படிச்ச புள்ளைன்னு உங்கிட்ட குடுத்தேன் பாரு! மனுதாரர்னு உங்கண்ணி பேரு. சார்ந்திருப்பவர்னு என் பேரு. நான் என்ன, இவ இடுப்புல உக்காந்திருக்கிற கொழந்தையா?"

"இடுப்பு தாங்காது," என்றாள் அண்ணி, துணி மடித்தபடியே.

அண்ணன் வேலை பார்த்த தொழிற்சாலை மூடியதும் அவனும் அண்ணியும் பிழைக்க வந்த இந்த நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. நாளை நீதிமன்றத்தில் அதன் மறுஆய்வு. தங்கைக்கு மாணவி அனுமதி தனி, தப்பித்தாள்.

அவள் வக்கீலம்மாவுக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டாள். "மாத்தி எழுதிட்டேன் மேடம். வேற தாள்ல..."

"இரும்மா. அண்ணி வேலைக்குப் போறாங்களா?"

"ஒம்போது வருசமா. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல."

"இங்க தங்கறதுக்குப் போட்ட முதல் விண்ணப்பத்துல, மனைவிக்கு வேலை 'இல்லை'ன்னு உங்கண்ணன் எழுதியிருக்காரே!"



"பொண்டாட்டி சம்பாதிக்கிறான்னு எழுதினா நாலு பேரு என்ன நெனப்பாங்க?" என்று முனகினான் அண்ணன்.

"ஃபைலுக்கு அடியில அவங்க சம்பளச் சீட்டு இருக்கு சார். உங்க ஒத்தை வார்த்தைய நம்பி அதிகாரி அதைப் பாக்கவேயில்ல. அவங்க வேலைய வச்சு நீங்க ரெண்டு பேரும் இங்க இருக்கலாம்னு கேக்க, நாளைக்கு நமக்கு இருக்கிற ஒரே பிடி அதுதான். தங்கச்சி எழுதினதுல ஒரு புள்ளியக்கூட மாத்தாதீங்க."

"சம்பளச் சீட்டா? அதை யாரு வச்சது?"

"நான்தான் சொருகினேன்," என்றாள் அண்ணி. "நீங்கதான் எம்பக்கம் திரும்பியே பாக்கலையே."

அண்ணன், யாரும் படித்துவிடக் கூடாது என்பதுபோலப் பொடி எழுத்தில் கையெழுத்திட்டான். அண்ணி கையை நீட்டினாள்.

"ரெண்டு பாஸ்போர்ட்டையும் குடுங்க."

"என்னுது எதுக்கு?"

"சார்ந்திருக்கிறவங்களோடது மனுதாரர்கிட்டதான் இருக்கணும். இத்தனை வருசமா நீங்க சொன்ன சட்டந்தானே?"

அவன் சட்டைப் பையைத் துழாவினான். தங்கை 'பிழை' என்ற சொல்லை அடிக்கலாமா என்று யோசித்தாள். முடிவுக்கு வராமல், கீழே எழுதினாள்:

நாளை: காலை ஒன்பது மணி, நீதிமன்றம். அண்ணியின் பெயரைக் கூப்பிடும்போது அண்ணன் எழுந்துவிடாதபடி சட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.