ஒரு வருடம் கூடுதலாக

அமெரிக்காவிலிருந்து நாத்தனார் ஃபெலிசா பேசியபோது லியோனிலா பால்கெண்டையில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். டகுபான் நகரின் மீன் கொட்டகையில் இருபது வருடமாகச் செய்யும் வேலை; ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கும் எடுத்து வருவாள். கைபேசியை மேசையில் சாய்த்து வைத்து, கணவன் எஃப்ரெனும் பிள்ளைகள் இருவரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"வக்கீல் ஆபீஸ்ல ரெண்டு தடவை கணக்குப் பாத்துட்டாங்க. அண்ணனுக்கு, அண்ணிக்கு, மயெட்டுக்கு விசா வாங்குற முறை வந்தாச்சு. ரோடெலுக்குத்தான் வயசு தாண்டிடுச்சாம். நான் போட்ட மனு பரிசீலனையில கிடந்த காலத்தைக் கழிச்சும் இருபத்தொண்ணுக்கு மேல ஏழு மாசம் நிக்குது."

"நம்மளை இருபத்தஞ்சு வருஷம் காக்க வச்சாங்க. அவங்களால ஏழு மாசம் பொறுக்க முடியலையாமா?" என்றான் எஃப்ரென்.

ரோடெல் சிரித்தான். "நல்லதாப் போச்சு. மயெட், உன் கட்டில் எனக்கு. அங்கேயிருந்து பெட்டி அனுப்புறப்ப சோப்பை மட்டும் போட்டு ரொப்பாதே, டின் கறியும் வை."

"முதல்ல நீ குளி. அப்புறம் சோப்பைக் குறை சொல்லு," என்றாள் தங்கை.

ஏழு மாதம். லியோனிலாவின் கையில் இடுக்கி அப்படியே நின்றது. உண்மையான வருடத்தை எழுதியிருந்தால், ஐந்து மாதம் கைவசம் இருந்திருக்கும்.

"ஃபெலிசா, பிறந்த வருஷமே தப்பா இருந்தா?" என்று கேட்டுவிட்டாள்.

எஃப்ரென் அவளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் தெரியும்தான். ஆனால் பதிவு அலுவலகத்தில் நின்று வாய் திறந்து சொன்னது அவள்.

"ஐயோ அண்ணி, அந்தப் பேச்சையே எடுக்காதீங்க. இந்த நேரத்துல திருத்தப் போனா பொய்ச் சான்றிதழ்னு நினைப்பாங்க. வரப்போற மூணு விசாவும் போயிடும். நீங்க வந்து சேருங்க, அப்புறம் நீங்களே அவனுக்கு மனு போடுங்க. பத்து, பன்னிரண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் அவன் கல்யாணம் மட்டும் பண்ணிக்கக் கூடாது, பண்ணிக்கிட்டா மனு செல்லாது."

மீனைக் கழுவ அவள் கொல்லைக் குழாயடிக்குப் போனாள். ரோடெல் பின்னாலேயே வந்தான்.

"ஏம்மா அப்படிக் கேட்டே?"

சொன்னாள். அவன் மருத்துவச்சி கையில் வீட்டிலேயே பிறந்தான். பிறப்பைப் பதியவே இல்லை. பள்ளியில் சேர்க்கச் சான்றிதழ் கேட்டார்கள், ஆறு வயது முடிந்திருக்க வேண்டும் என்றார்கள். அவனுக்கு ஐந்து. பதிவு அலுவலக எழுத்தர் எந்த வருடம் என்று கேட்டபோது ஒரு வருடம் முன்னால் தள்ளிச் சொன்னாள். அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். ஞானஸ்நானப் பதிவேட்டில் மட்டும்தான் சரியான வருடம் இருக்கிறது.

ரோடெல் விரல் விட்டு எண்ணினான். "அப்ப எனக்கு இருபத்துமூணுதானா? அடப்பாவமே! வகுப்புல எப்பவும் நான்தான் குள்ளன். பாஸ்கெட்பால்ல பந்து பொறுக்கத்தான் கூப்பிடுவானுங்க. இவன் ஒரு வருஷம் சின்னவன்டான்னு யாராவது சொல்லியிருக்கலாம்ல!"

அவளும் சிரித்துவிட்டாள். சிரித்த உடனே கூசியது.

"எதுக்கும்மா அவசரம்?"

"மீன் கொட்டகைல பிள்ளைங்களை உள்ள விட மாட்டாங்க."

"மயெட்டை ஆறு முடிஞ்சுதானே சேத்தே? அப்பவும் கொட்டகைக்குப் போயிட்டுத்தானே இருந்தே?"

இத்தனை வருடமும் அவள் தனக்குத்தானே சொல்லிவந்த பதில் அவ்வளவு எளிதில் உடைந்துபோனது. மயெட்டைப் பக்கத்து வீட்டில் விட்டுப்போனாள். அவனையும் விட்டிருக்கலாம்.

"நீ என் பாவாடையை விடவே மாட்டே," என்றாள் மெதுவாக. "உங்கப்பா கப்பல்ல இருந்தாரு. ராத்திரி பகல் எந்நேரமும் நீ என் மேலயே கிடப்பே. பக்கத்து வீட்ல விட்டாலும் அழுதுட்டே கொட்டகை வாசலுக்கு ஓடி வந்துடுவே. பள்ளிக்கூடம்னா கதவைப் பூட்டிடுவாங்க. கொஞ்ச நேரமாவது நான் தனியா இருக்கணும்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

பள்ளியின் முதல் நாள், பூட்டிய கதவுக்குப் பின்னால் கேட்ட அவன் அழுகையைவிட, தன் நடையில் கூடிய வேகம்தான் அவளுக்கு நினைவிருந்தது. அதை மட்டும் சொல்லவில்லை.

"நான் போகலை. உன்கூடவே இருந்துடறேன்," என்றாள்.

"வேணாம்மா. நீ இருந்தா சோறு போடறப்பெல்லாம் என் மூஞ்சியையே பாத்துட்டு நிப்பே, மன்னிச்சுட்டானா மன்னிச்சுட்டானான்னு. தினம் தினம் என்னால பதில் சொல்ல முடியாது."

"ஒரே ஒரு தடவை சொல்லேன்."

"இன்னைக்கு வரலைம்மா."

அவன் உள்ளே போய்விட்டான். தான் இருந்துவிடுகிறேன் என்றது அவனுக்காக இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. தன் மனம் ஆற ஒரு வார்த்தை வேண்டியிருந்தது; அதையும் அவனிடம்தான் கேட்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை விசாப் படிவம் நிரப்ப உட்கார்ந்தார்கள். உடன் வராத பிள்ளைகளின் பெயரையும் பிறந்த தேதியையும்கூட எழுத வேண்டும். லியோனிலா ரோடெலின் பெயரை எழுதினாள். நாளையும் மாதத்தையும் எழுதினாள். வருடத்துக்கான கட்டத்தில் பேனா நகரவில்லை. மயெட் எட்டிப் பார்த்து, "என்னம்மா, பெத்த பிள்ளை பிறந்த வருஷமே மறந்துபோச்சா?" என்று சீண்டினாள்.

சுவரோரம் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ரோடெல் நிமிர்ந்தான். சான்றிதழில் இருக்கும் அந்த வருடத்தை, இலக்கம் இலக்கமாக, அவளுக்குச் சொன்னான். நான்காவது இலக்கத்தை அவள் எழுதி முடிக்கும்வரை நின்றிருந்துவிட்டு வெளியே போனான்.